ஆயுத பூஜையும் ஒரு சுவிட்சும்

ஐப்பசி நெருங்கினால் எங்கள் ஊரில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "சார், இன்வர்ட்டர் வாங்கலாம்னு இருக்கேன். எத்தனை ஏ.எச். பேட்டரி போடலாம்?" முப்பத்து மூன்று வருடம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். நானும் கணக்குப் போட்டுச் சொல்வேன். ஆனால் அதற்கு முன் நான் ஒரு கேள்வி கேட்பேன். "ஜெனரேட்டருக்குச் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் மாட்டியிருக்கா?" பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும். அப்படியானால் முதலில் அது, பேட்டரி பிறகு என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் வெட்கக்கேடான கதை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டைப் பக்கம் இருக்கும் எங்கள் கிராமத்தில் அன்றிரவு யாரும் கண் மூடவில்லை. விடிந்து கொல்லைக் கதவைத் திறந்தால் தோப்பைக் காணோம். வெறும் வானம்தான் தெரிந்தது. தென்னை விழுந்த இடத்திலெல்லாம் மின்கம்பமும் விழுந்து கிடந்தது. புயல் போன வழியில் மொத்தம் ஒரு லட்சம் கம்பங்களுக்கு மேல் சாய்ந்தன என்று பிறகு கணக்கு வந்தது. டவுனுக்கு முதலில் கரண்ட் வந்தது. கிராமங்கள் வாரக்கணக்கில் காத்துக் கிடந்தன.

இருட்டு பெரிய கஷ்டமில்லை. நம் வயதுக்காரர்கள் அரிக்கேன் விளக்கில் படித்தவர்கள்தானே. கஷ்டம் தண்ணீர்தான். முன்பு கொல்லையில் கிணறு இருந்தது, அடிபம்பு இருந்தது. போர் போட்டு மோட்டார் இறக்கியதும் கிணற்றைத் தூர்த்தோம். அடிபம்பைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டோம். கரண்ட் போனபோது காலுக்குக் கீழே தண்ணீர் இருந்தும் ஒரு சொம்பு எடுக்க வழியில்லை.

ஐந்தாம் நாள் என் மைத்துனர் மதுரையிலிருந்து ஒரு ஜெனரேட்டரை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். அதை வீட்டு ஒயரிங்கில் கொடுக்க முறையான ஏற்பாடு எதுவும் இல்லை. நான் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். ஒரு ஒயரின் இரண்டு முனையிலும் பிளக்கை மாட்டி, ஒன்றை ஜெனரேட்டரிலும் மற்றொன்றைச் சுவரில் இருந்த பிளக் பாயின்டிலும் செருகினேன். மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் செருகினேன். மோட்டார் ஓடியது. தெருவே குடத்தோடு வந்து நின்றது. "வாத்தியார் மூளைன்னா சும்மாவா" என்றார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஏழு நாள் ஒழுங்காக மெயினை இறக்கினேன். எட்டாம் நாள் மறந்துபோனேன்.

அன்று எங்கள் தெருவில் லைன் இழுத்துக்கொண்டிருந்தவர்கள் தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். வீடு வாசலை விட்டுவிட்டு, பள்ளிக்கூட வராந்தாவில் படுத்துக்கொண்டு நமக்காகப் பாடுபட்டவர்கள். அவர்களில் ஒரு தம்பிக்கு முப்பது வயது இருக்கும். எங்கள் வாசலுக்கு எதிர்க் கம்பத்தில் ஏறிய அவர், கம்பியைத் தொடும் முன் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்திருக்கிறார். கரண்டே இல்லாத லைனில் பல்பு எரிந்திருக்கிறது. இறங்கி வந்து என் வாசலில் நின்றார். சத்தம் போடவில்லை. "அய்யா, உங்க வீட்டு ஜெனரேட்டரா? கொஞ்சம் நிறுத்துங்க. எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்கு" என்றார்.

என் மனைவி அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள். எனக்குக் கை நடுக்கம் நிற்க நேரமாயிற்று. டிரான்ஸ்பார்மர் பாடத்தை எத்தனை வருடம் நடத்தியிருப்பேன்! 11,000 வோல்ட்டை நம் வீட்டுக்கு ஏற்றபடி குறைத்துத் தருவது அது. வீட்டுப் பக்கமிருந்து கரண்ட் போனால் அதே டிரான்ஸ்பார்மர் தலைகீழாக வேலை செய்து, மறுபக்கத்தில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றிவிடும். அவ்வளவு தூரம் போக வேண்டாம், ஆளைக் கொல்ல 230 வோல்ட்டே போதும். கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியவனே அதைச் செய்துவிட்டு, பாராட்டு வேறு வாங்கியிருக்கிறேன்.

"மறக்காம மெயினை இறக்கினா போதாதா சார்?" என்று இன்றும் கேட்கிறார்கள். ஏழு நாள் மறக்காமல் இருந்தவன்தான் சொல்கிறேன், போதாது. தூக்கமில்லாமல், மனம் நொந்து கிடக்கும் நாட்களில் யாருக்கும் மறதி வரும். நம் வயதில் கேட்கவே வேண்டாம். சேஞ்ச் ஓவர் சுவிட்சில் கைப்பிடி ஒன்றுதான். லைன் பக்கம் இருந்தால் ஜெனரேட்டர் பக்கம் இருக்காது, ஜெனரேட்டர் பக்கம் போனால் லைன் துண்டிக்கப்பட்டுவிடும். மறதிக்கு அதில் இடமே இல்லை. அதன் விலை இன்வர்ட்டர், பேட்டரி செலவில் பத்தில் ஒரு பங்குகூட வராது. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டுங்கள்.

கூரையில் சோலார் போட்டவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2024இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைப்பதால் நம் பக்கமும் பலர் போட்டிருக்கிறார்கள். லைனோடு இணைத்த, பேட்டரி இல்லாத சோலார், ஊரில் கரண்ட் போனதும் தானாக நின்றுவிடும். வெயில் கொளுத்தினாலும் உங்களுக்கு ஒரு பல்பு எரியாது. ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபப்படாதீர்கள். கம்பத்தில் ஏறுகிறவர் சாகக் கூடாது என்றுதான் அதை அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். அந்த இயந்திரத்துக்கு இருந்த புத்தி அன்று எனக்கு இல்லை. புயல் காலத்துக்கும் உதவ வேண்டுமானால், வாங்கும்போதே பேட்டரியோடு வரும் வகையைக் கேளுங்கள்.

இனி இன்வர்ட்டர் கணக்கு. 12 வோல்ட், 150 ஏ.எச். பேட்டரியில் ஏட்டுக் கணக்குப்படி 1,800 வாட் மணி. கைக்குக் கிடைப்பது 1,200 என்று வைத்துக்கொள்ளுங்கள். 75 வாட் பழைய மின்விசிறி இரண்டும், ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பு நான்கும் போட்டால் ஆறரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். 30 வாட் பி.எல்.டி.சி. விசிறி ஒன்றும் பல்பு இரண்டும் என்று சிக்கனமாக இருந்தால் ஒரு நாள் முழுக்க வரும். ஆக, பெரிய பேட்டரி வாங்குவதைவிடச் செலவைக் குறைப்பதுதான் லாபம். எப்படி ஓட்டினாலும் ஒரு நாள் இரண்டு நாளுக்குத்தான் அது. பதினைந்து நாளுக்கு அது துணையில்லை. அதனால் நான் கொல்லையில் மறுபடி ஓர் அடிபம்பு இறக்கினேன். எங்கள் வீட்டில் புயலுக்கான மின்சார ஏற்பாட்டில் முதலிடம் கரண்டே தேவைப்படாத அந்தப் பம்புக்குத்தான்.

"எப்பவோ வர்ற புயலுக்கு இவ்வளவா?" என்பவர்களுக்கு, 2011இல் தானே, 2016இல் வர்தா, 2017இல் ஒக்கி, 2018இல் கஜா, 2024இல் பெஞ்சல். ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊரைப் பார்த்து வந்தது. நம் முறை முடிந்துவிட்டது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

என் யோசனை இதுதான். ஆயுத பூஜை வருவது சரியாக வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால்தான். அன்று இயந்திரங்களைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். அதற்கு முந்தின வாரமே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தையும் மெயினையும் பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, வெள்ளம் வந்தாலும் எட்டாத உயரத்தில் வையுங்கள். ஜெனரேட்டரை ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். ஆனால் தாழ்வாரத்தில்கூட வேண்டாம், வெட்டவெளியில் ஓட்டுங்கள். அதன் புகையில் மணமில்லாத விஷவாயு இருக்கிறது. கம்பியில் உரசும் கிளையை நீங்களே வெட்டாமல் மின்வாரிய ஆட்களிடம் சொல்லுங்கள்.

நான் இரண்டு முனையிலும் பிளக் மாட்டிய அந்த ஒயரை அன்றே துண்டு துண்டாக வெட்டிப் போட்டேன். வருடா வருடம் ஆயுத பூஜையன்று சேஞ்ச் ஓவர் சுவிட்சுக்குத்தான் முதல் பொட்டு வைக்கிறேன். வைக்கும்போது, தருமபுரிப் பக்கத்து அந்த இரண்டு பெண் குழந்தைகளும் இந்நேரம் எந்த வகுப்பில் படித்துக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.