பர்லியார் பழமும் பக்கத்து வீட்டு மருமகளும்

ஊட்டிக்குப் போகிற நம்மில் பலர் மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறியதும் கண்ணை மூடினால் குன்னூரில்தான் திறப்போம். பாதி வழியில் பர்லியார் என்று ஓர் ஊர் வரும். சகோதரிகளே, அடுத்த தடவை அங்கே கொஞ்சம் இறங்கிப் பாருங்கள். 1871-லிருந்து அரசாங்கப் பழப்பண்ணை இருக்கிற இடம் அது.

மேலே குன்னூரில் 1920-ல் தொடங்கிய பழ நிலையத்தில் ஆப்பிள், பிளம்ஸ், பேரி என்று குளிர்நாட்டுப் பழங்களை வளர்த்தார்கள். பர்லியாரில் குன்னூர்க் குளிரும் கிடையாது, மேட்டுப்பாளையம் வெயிலும் கிடையாது. மலைச்சரிவு, நல்ல மழை. அதனால் மலேயாப் பக்கத்துப் பழங்களான மங்குஸ்தான், துரியன், ரம்புட்டான் எல்லாம் இங்கே வேரூன்றிவிட்டன. கூடவே ஜாதிக்காய், கிராம்பு மரங்களும் உண்டு.

ஆனி மாதம் குன்னூரில் இருக்கும் உறவினர் வீட்டுக்கு நானும் என் வீட்டுக்காரரும் புறப்பட்டோம். தாம்பரத்தில் எலெக்ட்ரிக் டிரெயின் பிடித்து பார்க் ஸ்டேஷனில் இறங்கி, எதிரே சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸ். கிளம்புகிற அன்று சாயங்காலம் எங்கள் தெருப் பெண் ஒருத்தி வந்தாள். கல்யாணமாகி நாலு வருஷம்.

"அக்கா, பர்லியார்ல துரியன் பழம் கிடைக்குமாமே. அதைச் சாப்பிட்டா குழந்தை பிறக்குமாம். எங்க மாமியார் ஒண்ணு வாங்கிட்டு வரச் சொன்னாங்க" என்றாள். சொல்லும்போதே குரல் கம்மிவிட்டது.

பர்லியாரில் முதலில் மங்குஸ்தான் சாப்பிட்டோம். கறுஞ்சிவப்பாக, சின்ன ஆரஞ்சு அளவு. பழத்தின் அடியில் குட்டிப் பூ மாதிரி ஓர் அடையாளம் இருக்கும். அதில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை! எண்ணிப் பார்த்துவிட்டு உடைத்தால் குழந்தைகளுக்கு நல்ல வேடிக்கை. உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து அழுத்தினால் திறந்துகொள்ளும். பூண்டுப் பல் போல வெள்ளைச் சுளை, புளிப்பும் இனிப்புமாக வாயில் கரையும். வாங்கும்போது லேசாக அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இருந்தால் வேண்டாம். தோலின் சாறு புடவையில் பட்டால் கறை போகாது, ஜாக்கிரதை.

அடுத்து துரியன். பலாப்பழத்தின் தம்பி மாதிரி, ஆனால் முள் கையைக் குத்தும். வாசனையோ ஊரைக் கூட்டும். சிங்கப்பூரில் ரயிலில் இதைக் கொண்டுபோகவே கூடாது என்று தடை. ஆனால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு சுளை வாயில் போட்டால், பாலாடையில் சர்க்கரை கலந்தது போல வழுவழுப்பு! என் வீட்டுக்காரர் இரண்டாவது சுளையையும் கேட்டு வாங்கினார். மாவும் சர்க்கரையும் நிறைய உள்ள பழம் என்பதால் நீரிழிவுக்காரர்கள் ஒரு சுளையோடு நிறுத்த வேண்டும். கொட்டையைப் பச்சையாகத் தின்னக் கூடாது, வேகவைத்துச் சாப்பிடலாம்.

சரி, குழந்தை விஷயம்? அந்த நம்பிக்கையில்தான் துரியனை இங்கே அதிக விலை கொடுத்தும் வாங்கிப் போகிறார்கள். பழத்தில் சத்து இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதைத் தின்றால் கரு தரிக்கும் என்பதற்கு மருத்துவத்தில் நிரூபணம் கிடையாது.

உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்ன கணக்குப்படி, ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் இந்தக் குறையைச் சந்திக்கிறார். காரணம் பெண்ணிடம் மட்டும் இருப்பதில்லை. ஆணிடம் இருக்கலாம், இருவரிடமும் இருக்கலாம். ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தும் கரு நிற்கவில்லையென்றால், பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே, இருவரும் டாக்டரிடம் போக வேண்டும். கணவருக்குச் செய்வது எளிய விந்துப் பரிசோதனை, வலியில்லாதது. மனைவிக்கு தைராய்டு, சினைப்பை, கருக்குழாய் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். இதில் பலவற்றுக்கு இப்போது சிகிச்சை உண்டு. பழத்தை நம்பிக் காத்திருந்தால் வீணாவது வயசுதான்.

அந்தப் பெண்ணுக்குப் பழம் வாங்கித்தான் வந்தேன். கொடுக்கும்போது, "இது மருந்து இல்லேம்மா, பழம். ருசிக்காகச் சாப்பிடு. உன் வீட்டுக்காரருக்கும் ஒரு சுளை கொடு. டாக்டர்கிட்டே போகும்போது அவரையும் கையோட கூட்டிக்கிட்டுப் போ" என்றேன். அவள் மாமியாரும் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அவனும் போகணுமா?" என்றார். "ஆமாம்மா, முதல் டெஸ்டே அவருக்குத்தான் சுலபம்" என்றேன்.

மாமியாராக இருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. மருமகள் கையில் பழத்தைக் கொடுக்கிற அன்பு பெரியது. அதோடு மகனிடமும் "நீயும் ஒரு எட்டு போய்ப் பாருடா" என்று நீங்கள் சொன்னால் அவன் தட்டமாட்டான். மருமகள் சொல்லத் தயங்குவதை நீங்கள்தான் சொல்ல முடியும்.