படுக்க நேரமில்லாதவளின் தலைவலி

சிசேரியனுக்கு முன் முதுகில் ஊசி போடுவார்கள் என்பது நமக்குத் தெரியும். ஊசி துளைத்த இடம் சிலருக்கு உடனே மூடாது என்பதும், அதனால் வரும் தலைவலிக்குச் சிகிச்சை உண்டு என்பதும் பலருக்குத் தெரியாது.

மூளையும் தண்டுவடமும் சுமார் 150 மி.லி. நீரில் மிதக்கின்றன. அந்த நீரைச் சுற்றியுள்ள உறையில் கசிவு ஏற்பட்டால், எழுந்து நிற்கும்போது மூளை சற்றுக் கீழிறங்குகிறது. தலை பிளக்கிறது. படுத்தால் குறைகிறது. ஊசி போட்ட ஐந்து நாட்களுக்குள் பெரும்பாலும் இது தொடங்கிவிடும்.

1898-ல் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் என்ற அறுவை மருத்துவர் இந்த ஊசியைத் தன் முதுகிலேயே போடச் செய்து சோதித்தார். பிறகு எழுந்தால் வலி, படுத்தால் இல்லை. ஒன்பது நாள் படுக்கையில் கிடந்தார். அதை எழுதியும் வைத்தார். ஒரு பேராசிரியரின் தலைவலி மருத்துவ அறிவானது.

கூலி வேலை செய்யும் என் அக்காவுக்கும் அதே வலிதான். பிரசவமான மூன்றாம் நாள் தலையைத் தூக்க முடியவில்லை என்றார். ரத்தசோகை, தூக்கமின்மை என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். படுத்தால் குறைகிறதா என்று யாரும் கேட்கவில்லை.

இந்த நோயைக் கண்டுபிடிக்கும் முதல் கருவி அந்தக் கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் சொல்ல அவர் படுத்துப் பார்த்திருக்க வேண்டுமே! ஓய்வு யாருக்கு உரிமை, யாருக்குச் சோம்பல் என்பதைச் சாதி தீர்மானிக்கும் ஊரில், குடமும் களைக்கொத்தும் காத்திருக்கும் பெண்ணின் நோய்க்குறி வெளியே தெரிவதேயில்லை.

பலருக்குச் சில நாள் ஓய்விலேயே ஓட்டை மூடிவிடும். மூடாவிட்டால் 'பிளட் பேட்ச்' உண்டு. நோயாளியின் கையிலிருந்து சுமார் 20 மி.லி. ரத்தம் எடுத்து, முதுகில் அந்த உறைக்கு வெளியே செலுத்துவார்கள். அது உறைந்து ஓட்டையை அடைக்கும். 1960 முதல் இருக்கும் முறை. பயிற்சி பெற்ற மயக்கவியல் மருத்துவர் செய்யக்கூடியது. கசிவை நீண்ட நாள் கவனிக்காமல் விட்டால், அரிதாக மூளையைச் சுற்றி ரத்தக்கசிவு வரைகூடப் போகலாம்.

ஊசியே போடாதவர்களுக்கும் உறை தானாகக் கிழிந்து கசியலாம். அதைக் கண்டுபிடிக்கத் தனி நிபுணத்துவம் வேண்டும். எம்.ஆர்.ஐ. இயல்பாகத் தெரிந்தாலும் கசிவு இருக்கலாம். நீர் நேரே சிரைக்குள் கசியும் வகை மருத்துவ இதழில் விவரிக்கப்பட்டதே 2014-ல்தான். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்பதற்கு வலி பொய் என்று பொருளில்லை.

நாம் கேட்க வேண்டியவை பெரிய செலவு வைப்பவை அல்ல. கசிவைக் குறைக்கும் பென்சில் முனை ஊசிகள் எல்லா அரசு மருத்துவமனைகளிலும் இருக்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் இந்தத் தலைவலியைப் பற்றித் தமிழில் எழுதித் தர வேண்டும். வீடு தேடி வரும் கிராம சுகாதார செவிலியர் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்.

அதுவரை நாம் கேட்போம். பிரசவத்துக்குப் பின் வரும் கடும் தலைவலிக்கு ரத்த அழுத்தம் உட்பட வேறு ஆபத்தான காரணங்களும் உண்டு. எனவே வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள், தோழர்களே. குழந்தையை நீங்கள் வாங்கிக்கொண்டு அவரைச் சற்றுப் படுக்கச் சொல்லுங்கள். குறைந்தாலும் குறையாவிட்டாலும் மருத்துவமனைக்கு உடன் செல்லுங்கள். பார்த்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள்.