மலத்தில் இரத்தம் என்றால் மூலம் மட்டும்தானா? மலையகம் கவனிக்க வேண்டிய புற்றுநோய்

2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1350 ரூபாவிலிருந்து 1550 ரூபாவாக உயரும் என்றும், வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் அரசாங்கம் 200 ரூபா ஊக்குவிப்புத் தொகை வழங்கும் என்றும் அறிவிக்கப்பட்டது. வரவேற்கத்தக்க விடயம்தான். ஆனால் இதற்கு மறுபக்கம் ஒன்றும் உண்டு. வைத்தியசாலைக்குப் போகும் ஒரு நாளுக்காகத் தொழிலாளி இழப்பது இனி 1750 ரூபா. அந்தப் பயத்திலேயே தள்ளிப்போடப்படும் நோய்களில் ஒன்று பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்.

2022இல் உலகில் 19 இலட்சத்துக்கும் அதிகமானோருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 9 இலட்சம் பேர் உயிரிழந்தனர். இலங்கையிலும் ஆண், பெண் இரு பாலாரிடமும் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் இதுவும் ஒன்று. இது பெரும்பாலும் குடலின் உட்சுவரில் தோன்றும் சிறு தசை வளர்ச்சியாகவே ஆரம்பிக்கிறது. அது புற்றுநோயாக மாறச் சுமார் 10 வருடங்கள் எடுக்கலாம். அதற்குள் கண்டுபிடித்தால் குடலுக்குள் குழாய்க் கமராவைச் செலுத்தும் பரிசோதனையின்போதே அதை வெட்டி அகற்றிவிட முடியும்.

யாருக்கு ஆபத்து அதிகம்? 50 வயதைத் தாண்டியவர்கள், பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் வந்தவர்கள், நீண்டகாலக் குடல் அழற்சி உள்ளவர்கள், நீரிழிவு நோயாளர்கள், உடற்பருமன் உள்ளவர்கள். மதுவும் புகைத்தலும் ஆபத்தைக் கூட்டுகின்றன. பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கும் என 2015இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அறிவித்தது. தினமும் 50 கிராம் உண்பவருக்கு ஆபத்து சுமார் 18 சதவீதம் கூடும் என்பது அதன் கணிப்பு.

இதை நமது பிரதேசத்தோடு பொருத்திப் பாருங்கள். நாள் முழுவதும் மலையேறிக் கொழுந்து பறிப்பவருக்கு உடலுழைப்பு பெரிய பாதுகாப்பு. ஆனால் மூன்று வேளையும் கோதுமை மா ரொட்டி என்றால் நார்ச்சத்து எங்கிருந்து வரும்? நுவரெலியாவில் விளையும் கரட்டும் லீக்ஸும் லொறிகளில் கொழும்புக்குப் போகின்றன, லயத்துச் சமையலறைக்குப் போதுமான அளவு வருவதில்லை. மாலையில் உடல் வலிக்கென்று அருந்தும் சாராயம் இன்னொரு பிரச்சினை.

நகரத்தில் வாழும் நமது நிலை வேறு. மது இல்லை என்ற திருப்தி நமக்கு உண்டு. ஆனால் காலை முதல் இரவு வரை கடையில் ஒரே இருப்பு, இடையிடையே சிகரட், இரவில் கொத்து, அடிக்கடி மாட்டிறைச்சி, பிள்ளைகளுக்கு சொசேஜஸ். ஹலால் முத்திரை அந்த இறைச்சியை ஆகுமாக்கும், குடலுக்கு ஆபத்தற்றதாக்காது. சமைத்த சிவப்பு இறைச்சியை வாரத்துக்கு 500 கிராமுக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்பதே உலகளாவிய பரிந்துரை.

இரு சாராருக்கும் பொதுவான தவறு ஒன்று உண்டு. மலத்தில் இரத்தம் கண்டால் 'மூலம்' என்று நாமே முடிவு செய்து நாட்டு மருந்து தேடுகிறோம், வெட்கத்தில் வீட்டாரிடமும் மறைக்கிறோம். அது பெரும்பாலும் மூலமாகவே இருக்கலாம். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் வைத்தியர். சில வாரங்களுக்கு மேல் மலம் கழிக்கும் பழக்கம் மாறியிருத்தல், காரணமின்றி எடை குறைதல், தொடர் வயிற்றுவலி ஆகியவையும் எச்சரிக்கைகளே. இரத்தச்சோகைக்கும் இது பொருந்தும். தோட்டப் பெண்களிடம் அது சாதாரணம் என்பதால் இரும்புச்சத்து மாத்திரையோடு விடயம் முடிந்துவிடுகிறது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கும் ஆணுக்கும் இரத்தம் குறைந்தால் அது குடலிலிருந்து கசிகிறதா என்று பார்க்கத்தான் வேண்டும்.

நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையும் டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையும் நம் அருகிலேயே இருக்கின்றன. அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம், இழப்பது ஒரு நாள் சம்பளம்தான். எனவே வைத்தியசாலைத் துண்டு கொண்டுவரும் தொழிலாளிக்கு அன்றைய தினத்தை முழுப் பேராகப் பதிய வேண்டும், ஊக்குவிப்புத் தொகையும் வெட்டப்படக் கூடாது. தொழிற்சங்கங்கள் அடுத்த பேச்சுவார்த்தையில் இதைக் கோரிக்கையாக முன்வைக்கட்டும்.

நமது பங்குக்கு, ஜும்ஆவுக்குப் பின் ஐந்து நிமிடம் ஒரு வைத்தியரைப் பேச வைக்கலாம். கடைக்கு வரும் தோட்டத்து வாடிக்கையாளரிடமும் இந்தச் செய்தியைச் சொல்லலாம். ஆரம்பத்தில் பிடிபட்டால் பத்துப் பேரில் ஒன்பது பேர் ஐந்து வருடங்களுக்கு மேல் வாழ்கின்றனர் என்பது அமெரிக்கப் புள்ளிவிபரம். தாமதித்தால் அந்த வாய்ப்பு வேகமாகக் குறைகிறது.