அதிக அடி, குறைந்த சம்பளம்: ரன்னிங் பேக்குகளுக்கு என்ன ஆச்சு?

அமெரிக்கர்கள் 'ஃபுட்பால்' என்று சொல்வது நம்ம ஊர் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் ஆட்டம் அது. பந்தை வாங்கிக்கொண்டு, பாய்ந்து வரும் எதிரணிக்குள் புகுந்து ஓடுபவர்தான் ரன்னிங் பேக். ஒரு காலத்தில் என்.எஃப்.எல் லீக்கின் ஹீரோ. இன்று அணிகள் பணம் கொடுக்கத் தயங்கும் ஆள்.

எப்படி மாறியது?

2006-ல் லடேனியன் டாம்லின்சன் ஒரே சீசனில் 31 டச்டவுன் அடித்து எம்.வி.பி விருது வாங்கினார். அதே சீசனில் லாரி ஜான்சன் 416 முறை பந்தைச் சுமந்து ஓடினார். இன்றுவரை அதுதான் சாதனை. பிறகு அணிகள் கணக்குப் போட்டன. பந்தை எறிந்தால் ஒரு முயற்சிக்குச் சராசரியாக அதிக தூரம் கிடைக்கிறது. அதனால் பணம் குவாட்டர்பேக், வைட் ரிசீவர் பக்கம் போனது. ஓடும் வேலையை இரண்டு, மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். 2013, 2014, 2024 டிராஃப்ட்களின் முதல் சுற்றில் ஒரு ரன்னிங் பேக்கூட எடுக்கப்படவில்லை.

சிக்கல் எங்கே?

டிராஃப்ட்டில் தேர்வானதும் நான்கு ஆண்டு ஒப்பந்தம். முதல் சுற்று வீரர் என்றால் அணி விரும்பினால் ஐந்தாவது ஆண்டும் உண்டு. அதற்குப் பிறகும் 'ஃபிரான்சைஸ் டேக்' போட்டு இன்னும் ஓராண்டு பிடித்து வைக்கலாம். இதெல்லாம் முடியும்போது வயது 26, 27 ஆகிவிடும். ரன்னிங் பேக்கின் கால்கள் தளரத் தொடங்குவதும் ஏறக்குறைய அப்போதுதான்!

அந்த டேக் தொகையும் அதே பொசிஷனின் உச்ச சம்பளங்களை வைத்தே முடிவாகிறது. 2023-ல் குவாட்டர்பேக்குக்குச் சுமார் 3.24 கோடி டாலர், வைட் ரிசீவருக்கு 1.97 கோடி. ரன்னிங் பேக்குக்கு 1.01 கோடிதான். முந்தைய சீசனில் லீக்கிலேயே அதிக தூரம் ஓடிய ஜாஷ் ஜேகப்ஸுக்கும் இதே டேக்தான் போடப்பட்டது.

அணிகளின் பயம் நியாயமா?

ஓரளவு நியாயம்தான். டாட் கர்லிக்கு 2018-ல் ராம்ஸ் அணி நான்கு ஆண்டுகளுக்கு 5.75 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. முழங்கால் ஒத்துழைக்கவில்லை. 2020-ல் அவரை விடுவித்துவிட்டது.

ஆனால் சேக்வான் பார்க்லி கதை வேறு. ஜயன்ட்ஸ் அணியில் ஆறு சீசன் ஆடி, 2024-ல் ஈகிள்ஸுக்குப் போனார். அந்த சீசனிலேயே 2,005 யார்டு ஓடி சூப்பர் பவுலும் வென்றார். 2025-ல் ஆண்டுக்குச் சராசரியாக 2.06 கோடி டாலர் நீட்டிப்பு கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 28. அந்த வயதிலும் இப்படி ஓட எல்லோராலும் முடியாது.

என்ன செய்யலாம்?

ரன்னிங் பேக்கின் மதிப்பு முழுசா குறைந்துவிடவில்லை. அவர் உச்சத்தில் இருக்கும்போது விலை பேசும் உரிமைதான் அவரிடம் இல்லை. இந்தப் பொசிஷனுக்கு மட்டும் முதல் ஒப்பந்தத்தை மூன்று ஆண்டாகக் குறைத்து, டேக் போடுவதையும் நிறுத்தலாம். இது சுலபமில்லை. சம்பள உச்சவரம்பு ஒன்றுதான். ஒருவருக்குக் கூட்டினால் அதே சங்கத்தின் இன்னொரு வீரருக்குக் குறையும். ஆனாலும் 2030 சீசனோடு முடியும் தொழிலாளர் ஒப்பந்தத்துக்கு அடுத்ததைப் பேசும்போது, வீரர்கள் சங்கம் இதை மேசையில் வைத்தே ஆக வேண்டும். அடி வாங்கும் வயதிலேயே அதற்கான கூலியும் கிடைக்க வேண்டாமா?