மைக்கின் குறையா, பெண்ணின் குறையா?

பொம்பளை பேசினால் ரேடியோவில் எடுபடாது என்று, ரேடியோ வந்த புதிதில் பெரிய படிப்பு படித்தவர்களே சொன்னார்கள் என்றால் நம்புவீர்களா தோழிகளே?

லண்டன் பி.பி.சி., 1922ல் ஆரம்பமானது. அறிவிப்பாளர்கள் எல்லாம் ஆண்கள். முகமே தெரியாத ரேடியோவில் பேச, ராத்திரி விருந்துக்குப் போவது போல் கோட்டு போட்டுக்கொண்டு மைக் முன் உட்கார வேண்டுமாம்! பெயரையும் சொல்லக் கூடாது. 1940ல், யுத்த சமயத்தில், எதிரி யாராவது இவர்கள் மாதிரியே செய்தி வாசித்து ஏமாற்றிவிடக் கூடாதே என்றுதான் பெயர் சொல்ல வைத்தார்கள்.

1933ல் ஷீலா போரட் என்ற பெண்மணியை அறிவிப்பாளராகப் போட்டார்கள். ஏறக்குறைய மூன்று மாதம்தான். கண்டனக் கடிதங்கள் வந்து குவிய, நிறுத்திவிட்டார்கள். அந்தக் கடிதங்களில் பெரும்பாலானவற்றை எழுதியது பெண்கள்தானாம். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

விஷயம் என்னவென்றால், அந்தக் கால மைக்கும் ரேடியோ பெட்டியும், உயர்ந்த சுருதியில் வரும் ஒலிகளைச் சரியாகக் கடத்தாது. பெண்கள் பேசும்போது 'ஸ', 'ச' போன்ற எழுத்துக்கள் அமுங்கி, பேச்சு தெளிவில்லாமல் கேட்கும். குறை மிஷினில், பழி குரலுக்கு!

அதெல்லாம் அந்தக் காலம் என்று விட்டுவிட முடியவில்லை. சென்ற ஆண்டு, என் மகள் படிக்கும் பள்ளியில் ஆண்டு விழா. நிகழ்ச்சிகளை அறிவிக்க அவளைத் தேர்ந்தெடுத்து, பத்து நாள் பயிற்சியும் கொடுத்துவிட்டு, கடைசி நேரத்தில், 'மைக்ல கீச்சுனு கேக்குது. பையன்னா கம்பீரமா இருக்கும்' என்று மாற்றிவிட்டார்கள். சொன்னவர் ஒரு டீச்சர், அவரும் பெண்தான். மைக் செட்காரரிடம் ஒரு திருகைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். 'போகட்டும் விடு' என்கிறார் என் கணவர். எப்படி விடுவது? வகுப்பில் பாடம் வாசிக்கச் சொன்னால்கூட, இப்போது வாய்க்குள் முணுமுணுக்கிறாளே!

அவளுக்கு நான் சயீதா பானுவைப் பற்றிச் சொன்னேன். 1947 ஆகஸ்டில், நாடே கொந்தளித்துக்கொண்டிருந்த நேரத்தில், சின்னப் பையனை அழைத்துக்கொண்டு தனியாக டில்லி வந்து, ரேடியோவில் உருது செய்தி வாசித்த முதல் பெண். இலங்கை வானொலியின் ராஜேஸ்வரி சண்முகத்தைப் பற்றியும் சொன்னேன். 2012ல் அவர் காலமானபோது, கடல் கடந்தும் எத்தனை பேர் வருந்தினார்கள்!

டில்லியிலிருந்து தமிழ்ச் செய்தி வாசித்த சரோஜ் நாராயண்சுவாமியை எங்கள் அம்மாவுக்கு நன்றாகத் தெரியும், குரலாகத்தான். 2022ல் அவர் மறைந்த செய்தி வந்த அன்று, அம்மா வெகுநேரம் அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். 'ஆகாசவாணி' என்று ஆரம்பித்து அவர் தன் பெயரைச் சொன்னதும், எங்கள் ஊர்த் திண்ணையில் அரசியல் பேசிக்கொண்டிருந்த ஆம்பளைங்க எல்லாம் சட்டென்று வாயை மூடிக்கொள்வார்களாம்.

— ஒரு வாசகி, திண்டுக்கல்.