பதிலிக் காதலி

மில்லில் பதிலி என்றால் யார் என்று நம் தோழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆள் வராத அன்று கூப்பிடுவார்கள். ஆள் வந்துவிட்டால் கேட்டுக்கு வெளியே! டெலிவிஷன் சிரிப்புத் தொடர்களிலும் அப்படியொரு பதிலி இருக்கிறாள். கதாநாயகனும் கதாநாயகியும் கடைசி வாரத்தில்தான் சேர வேண்டும். அதுவரை கதையை இழுக்க வேண்டும், விளம்பரம் விற்க வேண்டும். ஆகவே நடுவில் ஒரு காதலி வருகிறாள், நாலு வாரம் சிரிக்கிறாள், போய்விடுகிறாள். எங்கே போனாள் என்று கேட்பாரில்லை.

இந்தச் சரக்கின் தலைமைப் பட்டறை அமெரிக்கா. 1994 முதல் 2004 வரை 236 பகுதிகள் ஓடிய 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரைப் பாருங்கள். நியூயார்க்கில் ஆறு நண்பர்கள். ஆறு பேரும் வெள்ளையர். கடைசி இரண்டு பருவங்களில் பகுதிக்கு ஆளுக்கு 10 லட்சம் டாலர் சம்பளம். அவர்களில் ராஸ் என்பவனுக்கு இடையில் வந்துபோன காதலிகளில் ஒருத்தி ஆசிய வம்சாவளி, ஒருத்தி கறுப்பினப் பெண். 2003-ல் ஆயிஷா டைலர் ஏற்ற அந்த வேடத்துக்கு ஒன்பதே பகுதிகளில் கணக்குத் தீர்த்தார்கள். நிரந்தர வேலை வெள்ளைத் தோலுக்கு! தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான மார்தா காஃப்மன் 2022-ல் வெட்கப்பட்டு, கறுப்பின மக்களைப் பற்றிய படிப்புக்காக ஒரு பல்கலைக்கழகத்துக்கு 40 லட்சம் டாலர் கொடுத்தார். வெட்கப்பட்டவரையில் நல்லதே.

நம் நாட்டில் நிறத்தின் இடத்தில் சாதி. 2006-ல் தி.மு.க. அரசு இலவச வண்ணப் பெட்டி கொடுக்கத் தொடங்கிய பிறகு, திருவண்ணாமலைச் சீமையில் மல்லாட்டை பிடுங்கித் திரும்பும் கூலிப் பெண்ணின் குடிசைக்கும் அந்தத் திரை வந்தது. அதில் காதலுக்கு என்ன தடை? அத்தை மகளின் பொறாமை, காதில் தவறாக விழுந்த பேச்சு. சாதி என்ற சொல்லைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்! தண்டராம்பட்டுப் பக்கம் தென்முடியனூரில் தாழ்த்தப்பட்ட மக்கள் மாரியம்மன் கோயிலுக்குள் கால் வைக்க 2023 ஜனவரி 30 வரை காத்திருந்தார்கள். அதுவும் போலீஸ் காவலோடு. உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச் 13 அன்று, சாதி மீறி மணந்த தலித் இளைஞனைப் பஸ் நிலையத்தருகே பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். இதற்கெல்லாம் பின்னணிச் சிரிப்பொலி சேர்க்க முடியுமா?

"வெறும் தமாஷ்தானே ஐயா" என்பார்கள். தமாஷுக்கு நாம் விரோதிகளல்ல. நாளெல்லாம் தறியடியில் நின்றவனுக்குச் சிரிப்பு வேண்டும்தான். காலனித் தெருப் பெண் ஒருத்தியைக் கடைசி வாரம் வரை கதையில் நிரந்தரமாக வைத்து, சிரிக்கச் சிரிக்க ஒரு தொடர் எடுக்கட்டும். எந்தச் சோப்புக் கம்பெனி விளம்பரம் கொடுக்கிறது, எது நழுவுகிறது என்று நாமும் உட்கார்ந்து பார்க்கிறோம்.