ஜிகர்தண்டாவுக்கும் கோபுரத்துக்கும் நடுவில் விடுபட்டவர்கள்

மதுரையைச் சுற்றிக் காட்டுவது இப்போது நல்ல தொழிலாகிவிட்டது. பேருந்து நிறைய ஆட்களை ஏற்றிவந்து கோயில் வாசலில் இறக்கிவிடும் பழைய சுற்றுலா அல்ல இது. ஆறு பேர், மிஞ்சினால் எட்டுப் பேர். அவர்களுக்கு ஒரு வழிகாட்டி. விடியற்காலையில் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் தொடங்குகிறார்கள். பிறகு மீனாட்சியம்மன் கோயில், புதுமண்டபம், திருமலை நாயக்கர் மகால். இடையிடையே பருத்திப்பால், கறி தோசை, ஜிகர்தண்டா. வெயில் தாழ்ந்ததும் ஊரை உயரத்திலிருந்து பார்க்க ஒரு மலை. தலைக்கு ஆயிரக்கணக்கில் கட்டணம் என்றாலும் ஆட்கள் வருகிறார்கள்.

இதில் எங்களுக்குக் காய்ச்சல் ஒன்றும் இல்லை. பூக்காரம்மாவுக்கும் ஆட்டோக்காரருக்கும் இட்லிக்கடை அக்காவுக்கும் நாலு காசு கிடைத்தால் நல்லதுதான். தன் ஊரின் சாப்பாட்டையும் கல்லையும் வெளியூர்க்காரர் வாயைப் பிளந்து பார்ப்பதில் எங்களுக்கும் பெருமை உண்டு. ஆனால், யாருடைய மதுரையைக் காட்டுகிறார்கள் என்று கேட்கும் உரிமையும் எங்களுக்கு இருக்கிறது.

கேட்பதற்கு முன்னால் பார்த்துவிடுவோம் என்று தோழர்கள் நால்வர் பணம் கட்டி இப்படியொரு குழுவில் சேர்ந்தோம். வழிகாட்டி நல்ல பையன். ஆங்கிலமும் தமிழும் தடையில்லாமல் வருகிறது. கோபுரங்கள் 14 என்றார். உயரமான தெற்குக் கோபுரம் ஏறக்குறைய 170 அடி என்றார். ஆயிரங்கால் மண்டபத்தில் உண்மையில் 985 தூண்கள்தான் என்று சொல்லிச் சிரிக்கவைத்தார். பொற்றாமரைக் குளத்தையும் சங்கப் பலகைக் கதையையும் விடவில்லை. 1939 ஜூலை 8 பற்றி மட்டும் ஒரு சொல்லும் இல்லை. நாங்களே கேட்டோம். “அது எங்களுக்குக் குடுத்த குறிப்புல இல்லைண்ணே” என்றார். அவர் மேல் குற்றமில்லை. குறிப்பு எழுதியவர்கள் மேல்தான் எங்கள் வழக்கு.

அன்றைய தினம்தான் அரிசன சேவா சங்கத்தின் தமிழ்நாட்டுத் தலைவராக இருந்த வழக்கறிஞர் அ. வைத்தியநாதய்யருடன் கக்கன் உள்ளிட்ட தலித்துகள் சிலரும், நாடார் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரும் அந்தக் கோயிலுக்குள் நுழைந்தார்கள். நாடார்களுக்கும் அன்றுவரை உள்ளே இடமில்லை. கமுதிக் கோயிலில் நுழைந்ததற்காக அவர்கள் மேல் தொடுக்கப்பட்ட வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்திருந்தது. மதுரையில் அவர்கள் நுழைந்ததும் கோயில் தீட்டுப்பட்டுவிட்டது என்று சொல்லிப் பட்டர்கள் பூசை செய்ய மறுத்தார்கள். அந்தப் பிணக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. நுழைந்தவர்கள் மேல் வழக்குப் பாயாமல் இருக்க ராஜாஜி அரசு அவசரமாகச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. தாழ்த்தப்பட்டவர்கள் போக முடியாத கோயிலுக்குள் நானும் போகமாட்டேன் என்று வெளியே நின்ற காந்தி, 1946இல்தான் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார்.

இதே நடையில் காந்தி வருகிறார் என்பதையும் சொல்ல வேண்டும். மேலமாசி வீதியில் நிறுத்தி, 1921 செப்டம்பரில் அவர் மேல்சட்டையைத் துறந்த கதையை உருக்கமாகச் சொன்னார்கள். அதே காந்தி ஏன் கோயிலுக்குள் போகாமல் இருந்தார் என்ற கதைக்கு மட்டும் நேரமில்லை.

சொல்கிற ஒன்றிரண்டு பேரும் வைத்தியநாதய்யரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர் துணிச்சலை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. சொந்தச் சாதியின் பகையைச் சம்பாதித்துக்கொண்டவர் அவர். ஆனால், வாசற்படியைத் தாண்டிய கால்கள் யாருடையவை? ஏதாவது நடந்திருந்தால் முதலில் யார் முதுகில் விழுந்திருக்கும்? தும்பைப்பட்டியில் பிறந்து, பின்னாளில் இந்த மாநிலத்தின் உள்துறை அமைச்சராக உயர்ந்த கக்கன் பெயரைக்கூடச் சொல்லாமல் மதுரையை எப்படிச் சுற்றிக் காட்ட முடிகிறது?

கோயில் கதை 1939இல் முடிந்துவிட்டதாகவும் நாங்கள் நினைக்கவில்லை. இன்று மீனாட்சியைப் பார்க்க எங்களை யாரும் தடுப்பதில்லை. வரிசையில் நிற்கிறோம், அவசரமென்றால் சீட்டு வாங்குகிறோம். தடுப்பது எங்கள் ஊரில் இருக்கும் அம்மன் கோயிலில். பெரிய கோயில் திறந்தது, சின்னக் கோயில் திறக்கவில்லை. இதே மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தில் தலித் தெருவைப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதி 2008 மே மாதம்தான் இடிக்கப்பட்டது. அங்கும் முத்தாலம்மன் கோயிலுக்குள் போவது தனிப் போராட்டமாக நீண்டது. கருவறைக்குள் யார் போகலாம் என்பது இன்னொரு கதை. பயிற்சி பெற்ற பிராமணரல்லாத ஒருவர் 2018இல் மதுரையிலேயே ஐயப்பன் கோயில் ஒன்றில் அர்ச்சகராக நியமிக்கப்பட்டார். ஊருக்குப் பெருமையான செய்தி. அந்தக் கோயிலும் நடையில் இல்லை.

சாப்பாட்டுக்கு வருவோம்.

குடல் குழம்பு, இரத்தப் பொரியல், தலைக்கறி, ஆட்டுக்கால் சூப்பு எல்லாம் இப்போது மதுரையின் அடையாளமாகிவிட்டன. சந்தோஷம். நல்ல கறியை மேலே அனுப்பிவிட்டுக் கழித்துப் போட்டதை அலசி, மஞ்சள் தடவி, மிளகு தட்டிப் போட்டுச் சாப்பாடாக்கியவர்கள் ஏழைவீட்டுப் பெண்கள். எங்கள் அம்மாக்களும் அதில் உண்டு. அன்று மூக்கைப் பொத்திக்கொண்டு போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று வாழையிலையில் வைத்துப் படம் பிடிக்கிறார்கள். பிடிக்கட்டும்.

ஆனால், அந்த நாளில் ஆறு கடைகளில் நிறுத்தினார்கள். ஒன்றில்கூட மாட்டுக்கறி இல்லை. குழுவில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் இருந்தார். இங்கே மாட்டுக்கறி எப்படிச் சமைப்பீர்கள் என்று அவராகவே கேட்டார். இந்தப் பக்கம் கிடைக்காது என்று பதில் வந்தது. நாங்கள் நின்ற இடத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் இரும்புக் கல்லில் சுக்கா வதங்கிக்கொண்டிருக்கும் கடை ஒன்று எங்களுக்குத் தெரியும். காலை 11 மணிக்கே கூட்டம் தொடங்கிவிடும். சுமை தூக்குபவர்கள், கட்டட வேலைக்காரர்கள், கல்லூரிப் பிள்ளைகள் எல்லாரும் வருவார்கள். சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் போட்டுப் பிரட்டிய சுக்கா, போட்டிக் குழம்பு, இரண்டு புரோட்டா. அது மதுரைச் சாப்பாடு இல்லையா?

மதுரையில் சாப்பாட்டின் சாதிக்கோடு சைவத்துக்கும் அசைவத்துக்கும் நடுவில் ஓடுவதாக வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். இல்லை. அது ஆட்டுக்கும் மாட்டுக்கும் நடுவில் ஓடுகிறது. ஆட்டுக்கறி தின்பதை மீசை முறுக்கிச் சொல்கிறவர்கள்தான், வாடகைக்கு வீடு கேட்டுப்போனால் “நீங்க என்ன கறி சாப்பிடுவீங்க?” என்று கேட்கிறார்கள். கொடியில் கோத்துக் காயவைத்த உப்புக்கண்டத்தின் வாசனை பக்கத்து வீட்டுக்குப் போகுமே என்று எங்கள் பெண்கள் இன்றும் சன்னலைச் சாத்திவிட்டு வறுக்கிறார்கள். அந்தச் சன்னல் சாத்தப்பட்டிருக்கும் வரை மதுரையின் உணவுப் பண்பாடு என்று யாரும் முழுசாகப் பேசிவிட முடியாது.

தேநீரும் அப்படித்தான். நடையில் பித்தளைப் பாய்லர் டீக்கடை ஒன்றைக் காட்டி, சாதி மதம் பார்க்காமல் ஊரே கூடும் இடம் என்றார்கள். நகரத்தில் அது பெரும்பாலும் உண்மை. இரட்டைக் குவளையை எதிர்த்து எத்தனை கிராமங்களில் எங்கள் ஆட்கள் அடி வாங்கியிருக்கிறார்கள் என்பதும் உண்மை. சில ஊர்களில் குவளைப் பிரச்சினையைக் காகிதக் கப்பை வைத்துத் தீர்த்துவிட்டார்கள். எங்களுக்கு மட்டும் காகிதக் கப்பு, அவர்களுக்குக் கண்ணாடி டம்ளர்.

மாலையில் சமணர் மலை. கீழக்குயில்குடியில் தாமரைக் குளத்தையும் அய்யனார் கோயிலையும் தாண்டிப் படியேறினால் செட்டிப்புடவில் தீர்த்தங்கரர் சிற்பம், மேலே போனால் காற்று, தூரத்தில் கோபுரங்கள். அழகான இடம், மறுக்கவில்லை. கோயிலைச் சுற்றிச் சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று வீதிகள் தாமரை இதழ் மாதிரி விரிவதாக வழிகாட்டி சொன்னார். இதழ்களில் யார் யார் குடியிருந்தார்கள், யார் தாமரைக்கே வெளியில் நிறுத்தப்பட்டார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

உயரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றாகத் தெரியும் என்பார்கள். எங்களுக்கு அப்படித் தெரிவதில்லை. மதுரையைச் சுற்றியுள்ள எந்தக் குன்றில் ஏறி நின்றாலும், ஊர் ஒரு பக்கம், நடுவில் வயலோ ஓடையோ, அந்தப் பக்கம் காலனி என்று பிரிந்து கிடப்பது தெரியும். சுடுகாடு இரண்டு. அவற்றுக்குப் போகும் பாதையும் இரண்டு. இதே மேற்குத் திசையில், உசிலம்பட்டிப் பக்கம்தான், தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காகப் பாப்பாபட்டி, கீரிப்பட்டியில் 1996 முதல் 2006 வரை பத்து ஆண்டுகள் ஊராட்சித் தேர்தலை நடக்கவிடாமல் வைத்திருந்தார்கள். சமணர் படுகைக்கு ஈராயிரம் ஆண்டு வரலாறு சொல்கிற வாயால் இந்தப் பத்து ஆண்டையும் சொல்லலாம்.

தமிழ் படித்தவர்களுக்கு இங்கே ஒன்று நினைவுக்கு வரும். மதுரையைச் சுற்றிப் பார்ப்பதற்கென்றே சிலப்பதிகாரத்தில் ‘ஊர்காண் காதை’ இருக்கிறது. கோவலன் வீதி வீதியாகப் பார்த்துக்கொண்டு போகிறான். அதற்கு முந்தைய காதையின் பெயர் ‘புறஞ்சேரி இறுத்த காதை’. கோட்டைக்கு வெளியே இருந்த புறஞ்சேரியில் அவர்களைத் தங்கவைத்த பிறகுதான் இளங்கோ ஊருக்குள் கூட்டிப்போகிறார். அந்தப் புறஞ்சேரி அறவோர் இருந்த இடம். சேரி என்ற சொல் அன்று வசைச்சொல் அல்ல. இன்றைய நடைகள் புறஞ்சேரியைக் கிழித்தெறிந்துவிட்டு நேரே ஊர்காண் காதையில் தொடங்குகின்றன.

இப்படிச் சொன்னவுடன், சரி, உங்கள் தெருவையும் காட்டுகிறோம் என்று யாராவது கிளம்பிவிடக்கூடாது. எங்கள் பிள்ளைகள் தெருக்குழாயில் குளிப்பதை வெளிநாட்டுக்காரர் படம் பிடிப்பதற்கு நாங்கள் இதை எழுதவில்லை. நட்சத்திர விடுதி வாசலில் பறையை வரவேற்பு வாத்தியமாக நிறுத்தி, அடித்து முடித்ததும் பின்வாசல் வழியாகச் சாப்பிட அனுப்புகிற மரியாதையும் வேண்டாம். காட்சிப்பொருளாக நாங்கள் வரமாட்டோம். கதை சொல்கிறவர்களாக வருவோம்.

அதற்கு வழி இருக்கிறது. சுற்றுலாத் துறை வழிகாட்டிகளுக்குப் பயிற்சி தருகிறது, உரிமம் தருகிறது. அந்தப் பாடத்தில் 1939ஐச் சேர்ப்பதற்கு ஒரு பக்கம் போதும். எங்கள் பிள்ளைகளில் வரலாறும் தமிழும் முதுகலை படித்துவிட்டுத் துணிக்கடையில் நிற்பவர்கள் ஏராளம். அவர்களில் சிலரை வழிகாட்டிப் பயிற்சிக்கு எடுங்கள். தாட்கோ கார் வாங்கக் கடன் தருகிறது. அதே காரில் தங்கள் ஊரைத் தாங்களே சுற்றிக் காட்டும் தொழிலுக்கும் கைகொடுக்கட்டும். அரிட்டாபட்டி பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட பிறகு மேலூர்ப் பக்கம் வண்டிகள் நிறையப் போகின்றன. அங்கிருந்து தும்பைப்பட்டி தூரமில்லை, கக்கனுக்கு அங்கே மணிமண்டபம் இருக்கிறது. இன்னும் கொஞ்ச தூரத்தில் மேலவளவு. ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் வந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்கு அங்கே நினைவிடம் இருக்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் இவ்வளவு கனமான கதையைத் தாங்கமாட்டார்கள் என்கிறார்கள் சிலர். தலை நிலத்தில் கிடக்கும் போர்க்கதைகளையும் ஆனை மிதித்த கதைகளையும் கேட்டு ரசிப்பவர்கள் இதைத் தாங்கமாட்டார்களா?

இன்னொன்று. நடை தொடங்குகிற ஆறு மணிக்கு வீதி சுத்தமாக இருக்கிறது. நாலு மணிக்கே வந்து கூட்டிவிட்டுப் போனவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். பெரும்பாலும் அருந்ததியர், பெரும்பாலும் பெண்கள். மாசி வீதியில் எந்தத் திருவிழாவுக்கு எவ்வளவு குப்பை சேரும், எந்தச் சந்து எங்கே போய் முட்டும் என்று அவர்களைப்போல் அறிந்தவர்கள் கிடையாது. அவர்களில் ஒருவருக்கு ஒருநாள் கூலி கொடுத்து அந்த வீதிகளைப் பற்றிப் பேசச் சொன்னால் எப்படியிருக்கும் என்று எந்த நிறுவனமும் யோசித்ததாகத் தெரியவில்லை.

அவர்கள் யோசிக்கும் வரை நாங்கள் காத்திருக்கப் போவதில்லை. வரும் ஜூலை 8 அன்று காலை ஆறு மணிக்கு அம்மன் சன்னதி வாசலில் கூடுகிறோம். எட்டுப் பேர் என்ற கணக்கெல்லாம் கிடையாது, கட்டணமும் இல்லை. கோயில், மாசி வீதிகள், பிறகு நாங்கள் சொன்ன அந்தக் கடை. கறி வேண்டாதவர்களுக்கு இட்லி உண்டு. மதியத்துக்கு மேல் தும்பைப்பட்டி போக வண்டிக்குச் சொல்லியிருக்கிறோம். குறிப்பில் இல்லை என்று சொன்ன அந்தத் தம்பியையும் அழைத்திருக்கிறோம். வருகிறேன் என்றிருக்கிறார்.